லினக்ஸ் கர்னலில் நேரம் பிசகினால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

இயங்குதளத்தின் மையமான கர்னலுக்கு நேரம் என்பது ஒரு சின்னக் கணக்குதான். வன்பொருளில் ஒரு கவுன்ட்டர் ஓயாமல் ஓடுகிறது. கடைசியாகப் படித்ததிலிருந்து அது எத்தனை துடிப்பு ஏறியிருக்கிறது என்று பார்த்து, அந்த வித்தியாசத்தை ஒரு பெருக்கியால் பெருக்கி, குறிப்பிட்ட பிட் அளவு வலப்பக்கம் ஷிஃப்ட் செய்தால் நானோ நொடி கிடைக்கும். இதுவரை சேர்ந்த நேரத்தோடு அதைக் கூட்டினால் மோனோடானிக் (முன்னே மட்டும் ஓடும்) கடிகாரம். அதன்மேல் ஓர் ஆஃப்செட்டைச் சேர்த்தால் நாம் பார்க்கும் ரியல்டைம்.

ஆகவே கோளாறு மூன்று இடங்களில்தான் இருக்க முடியும்: கவுன்ட்டர், பெருக்கல், ஆஃப்செட். எந்த இடம் என்று தெரியாமல் பேட்ச் (திருத்தக் குறிமுறை) எழுத உட்கார்ந்தால் அறிகுறி மறையும், பிழை மறையாது. வலைப்பின்னல் வழியே நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி சேவையை முடுக்கிவிட்டு நேரத்தை அடிக்கடி இழுத்துப் பிடிப்பது இதைவிட மோசம். தடயத்தையே அது அழித்துவிடும்.

(கட்டளை, கோப்புப் பெயர்களை ஒலிப்பின்படி எழுதியிருக்கிறோம். தட்டும்போது மூலப் பெயரில் தட்டுங்கள்.)

முதலில் திரட்ட வேண்டியவை

என்டிபி சேவையை நிறுத்துங்கள். நிறுத்தினால் மட்டும் போதாது. அது கடைசியாகக் கொடுத்த வேகத் திருத்தம் கர்னலுக்குள் அப்படியே தங்கியிருக்கும். அட்ஜ்டைம்எக்ஸ் கட்டளையால் ஃப்ரீக்வென்சியை 0-க்கும், டிக் மதிப்பை 10000-க்கும் கொண்டுவந்த பிறகே அளக்கத் தொடங்குங்கள். இந்த ஒரு படியைத் தவறவிட்டு, இல்லாத பிழையை நாள்கணக்கில் துரத்துவது சகஜம்.

பிறகு சிஸ் கோப்பு முறைமையில் கிளாக்சோர்ஸ்0 அடைவைத் திறந்து, இப்போது எந்தக் கிளாக்சோர்ஸ் (கர்னல் நேரம் எடுக்கும் கவுன்ட்டர்) ஓடுகிறது, வேறு எவை கைவசம் இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் பதிவில் கிளாக்சோர்ஸ், டிஎஸ்சி (சிபியூவுக்குள் இருக்கும் கவுன்ட்டர்), ஹெச்பெட் (சிப்செட்டில் இருக்கும் டைமர்), ஆர்டிசி (பேட்டரியில் ஓடும் கடிகாரம்) ஆகிய சொற்கள் வரும் வரிகள் அனைத்தையும் எடுத்து வையுங்கள். எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) என்றால் சிபியூ கொடிகளில் கான்ஸ்டன்ட் டிஎஸ்சி (வேகம் மாறாதது), நான்ஸ்டாப் டிஎஸ்சி (ஆழ்ந்த தூக்க நிலையிலும் நிற்காதது) இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கடைசியாக முப்பது வரிக்குள் ஒரு சி நிரல் எழுதுங்கள். நொடிக்கு ஒருமுறை மோனோடானிக் ரா (என்டிபி திருத்தம் சேராதது), மோனோடானிக், ரியல்டைம், பூட்டைம் (தூக்க நேரமும் சேர்ந்தது) நான்கையும் அடுத்தடுத்துப் படித்து, நானோ நொடியில் ஒரே வரியாக அச்சிட வேண்டும். இனி சொல்லப்போவதில் பாதி இந்தப் பதிவை வைத்துத்தான்.

அறிகுறி: நேரம் ஒரே பாய்ச்சலாகத் தாவுகிறது

தாவியது எவ்வளவு என்பதே பாதி விடை. தோராயமாக "மூன்று நிமிடம்" என்று விட்டுவிடாதீர்கள், நொடிக்குக் கீழே மூன்று இலக்கம் வரை எடுங்கள். பிறகு இரண்டு கணக்குப் போடுங்கள்.

முதல் கணக்கு: தாவிய நொடிகளைக் கவுன்ட்டரின் அதிர்வெண்ணால் பெருக்குங்கள். விடை 2-இன் ஓர் அடுக்காக வந்தால் குற்றவாளி கவுன்ட்டர், அல்லது அதைப் படிக்கும் முறை. இரண்டாவது கணக்கு: தாவிய நேரத்தை நானோ நொடியாக்கிப் பாருங்கள். அதுவே 2-இன் அடுக்கு என்றால் பெருக்கலில் எண் வழிந்திருக்கிறது.

24 மெகாஹெர்ட்ஸ் டைமர் உள்ள ஒரு போர்டு 178.957 நொடி தாவுவதாக வைத்துக்கொள்வோம். 24,000,000-ஆல் பெருக்கினால் 2-இன் 32-ஆம் அடுக்கு, அச்சு அசலாக. 64 பிட் கவுன்ட்டரை இரண்டு 32 பிட் துண்டுகளாகப் படிக்கும் டிரைவர், கீழ்த்துண்டு நிரம்பி 0-க்கு உருளும் தருணத்தில் மேல்துண்டின் பழைய மதிப்பை எடுத்துவிட்டது. மேல், கீழ், மீண்டும் மேல் என்று படித்து, இரண்டு மேல் மதிப்புகளும் ஒன்றாக இருந்தால் மட்டும் ஏற்பதுதான் தீர்வு.

இதைவிட விசித்திரமான ஒன்று ஆல்வின்னர் ஏ64 சிப்பில் நடந்தது. நேரம் திடீரென்று 95 ஆண்டுகள் முன்னே போய் நிற்கும். 2-இன் 56-ஆம் அடுக்கை 24 மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் ஏறத்தாழ 300.24 கோடி நொடி, அதாவது 95.1 ஆண்டு. ஆனால் கவுன்ட்டர் உண்மையில் முன்னே ஓடவில்லை, ஒரு சில துடிப்பு பின்னே போயிருக்கிறது. வித்தியாசம் எதிர்மறையாகி, அதை 56 பிட் மாஸ்க்கோடு (கீழ் 56 பிட்டை மட்டும் வைத்துக்கொள்வது) சேர்த்ததும் ஒரு முழுச் சுற்றுக்குச் சற்றே குறைவான பேரெண் ஆகிவிட்டது. கர்னல் அதை நம்பிவிட்டது. கவுன்ட்டரின் கீழ்ப் பிட்கள் எல்லாம் 0 ஆகவோ எல்லாம் 1 ஆகவோ இருக்கும்போது அந்த வாசிப்பைத் தள்ளிவிட்டு மீண்டும் படிப்பதுதான் கர்னலில் சேர்ந்த மாற்றுவழி. அதற்கும் 150 முயற்சி என்று வரம்பு உண்டு. வரம்பில்லாத சுழற்சியை நேரம் படிக்கும் பாதையில் வைத்தால், கவுன்ட்டர் நின்றுபோன நாளில் கணினியே உறைந்துவிடும். பிரம்மாண்டமான முன்தாவலைப் பார்த்தால் முதலில் சின்னப் பின்தாவலைத் தேட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

பெருக்கல் வழிவதற்கு எக்ஸ்86-இல் கணக்கு: 3 கிகாஹெர்ட்ஸ் டிஎஸ்சிக்குக் கர்னல் தேர்ந்தெடுக்கும் ஷிஃப்ட் 24, பெருக்கி 5592405. துடிப்பு வித்தியாசத்தை இதால் பெருக்கும்போது 64 பிட்டைத் தாண்டினால் மேலே உள்ள பிட் தொலைந்துபோகும். தொலைவது 2-இன் 40-ஆம் அடுக்கு நானோ நொடி, அதாவது 1099.512 நொடி. இப்படி நடக்காமலிருக்கத்தான் மேக்ஸ் ஐடில் (கவுன்ட்டரைப் படிக்காமல் இருக்கக்கூடிய நேரம்) என்ற வரம்பு இருக்கிறது. இந்த டிஎஸ்சிக்கு அது சுமார் 440.8 நொடி. டிமெசேஜில் கிளாக்சோர்ஸ் பதிவாகும் வரியிலேயே அந்த எண்ணைப் பார்க்கலாம். கர்னல் தானாக அவ்வளவு நேரம் தூங்காது. ஆனால் டீபக்கரில் நிறுத்தி வைத்தாலோ மெய்நிகர் கணினியை இடைநிறுத்தினாலோ வரம்பு மீறப்படும். நேரம் 1099.5 நொடி குறைவாகத் தெரிந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். 2024-இல் இந்தப் பாதையில் வழிதல் பாதுகாப்பு சேர்க்கப்பட்டது. பழைய பதிப்பில் ஓடுபவர்கள் அந்தத் தொடரைப் பின்கொணர்வதே நேர்வழி.

அடிக்கடி வரும் மற்ற எண்கள்:

- 4.687 நொடி: ஏசிபிஐ பிஎம் டைமர் (சிப்செட்டில் இருக்கும் இன்னொரு கவுன்ட்டர்) ஒரு சுற்று. 24 பிட், 3.579545 மெகாஹெர்ட்ஸ்.
- 299.97 நொடி: ஹெச்பெட் ஒரு சுற்று. கர்னல் அதை 32 பிட்டாகவே படிக்கிறது, வேகம் பெரும்பாலும் 14.31818 மெகாஹெர்ட்ஸ்.
- பூட் ஆகி 5 நிமிடத்தில் ஒரே ஒரு முறை: ஜிஃபீஸ் (கர்னலின் டிக் எண்ணிக்கை) உருளுதல். கீழே தனியாக வருகிறது. மேலே உள்ள 300 நொடியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது தாவலின் அளவு, இது பூட்டிலிருந்து கழிந்த நேரம்.
- 208.5 நாள் ஓடிய பிறகு: 2-இன் 54-ஆம் அடுக்கு நானோ நொடி. எக்ஸ்86-இல் ஷெட்யூலர் கடிகாரம் 10 பிட் ஷிஃப்ட்டோடு பெருக்கியபோது வழிந்த பழைய பிழை. 2011 நவம்பரில் திருத்தம் எழுதப்பட்டது.
- 2038 ஜனவரி 19, 03:14:07 யுடிசி: 32 பிட் நொடி எண் நிரம்பும் கணம். கர்னலின் மையத்தில் அல்ல, டிரைவரிலோ பயனர் நிரலிலோ பழைய டைம்ஸ்பெக் (32 பிட் நேர அமைப்பு) இன்னும் இருக்கும்.

புதிய கிளாக்சோர்ஸ் டிரைவர் எழுதுபவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் மாஸ்க்கில்தான் இருக்கும். 32 பிட் கவுன்ட்டரை 64 என்று அறிவித்திருப்பார்கள், அல்லது கீழிறங்கும் கவுன்ட்டரைத் தலைகீழாக்காமல் அப்படியே கொடுத்திருப்பார்கள். பெருக்கியையும் ஷிஃப்ட்டையும் கையால் தேர்ந்தெடுக்காதீர்கள். அதிர்வெண்ணை மட்டும் கொடுத்துப் பதிவு செய்யும் ரெஜிஸ்டர் ஹெர்ட்ஸ் சார்பு இருக்கும்போது அந்த வேலை தேவையே இல்லை.

அறிகுறி: நேரம் சீராக முந்துகிறது அல்லது பிந்துகிறது

1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்பது நாளொன்றுக்கு 86.4 மில்லி நொடி. சேவை நின்றிருக்கும் நிலையில் க்ரோனி என்ற என்டிபி மென்பொருளின் க்ரோனிடி நிரலைப் பெரிய க்யூ விருப்பத்தோடு ஓட்டினால், நேரத்தைத் தொடாமல் விலகலை மட்டும் சொல்லும். ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை ஓட்டுங்கள். விலகல் 36 மில்லி நொடி கூடியிருந்தால் அது 10 பிபிஎம். சில பத்து பிபிஎம் என்பது படிகத்தின் இயல்பு, அதற்குப் பேட்ச் கிடையாது. 500 பிபிஎம், அதாவது நாளுக்கு 43.2 நொடி, கர்னலின் ஃப்ரீக்வென்சித் திருத்தத்துக்கு வரம்பு. அதைத் தாண்டினால் யாரோ அதிர்வெண்ணைத் தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். க்ரோனி டிக் மதிப்பையும் மாற்றி இதைவிடப் பெரிய விலகலையும் தாங்கிவிடும் என்பதால், "நேரம் சரியாகத்தானே இருக்கிறது" என்று ஏமாற வேண்டாம். அதன் ட்ரிஃப்ட் கோப்பைத் திறந்து பாருங்கள்.

இப்போது உங்கள் பதிவை எடுங்கள். வெளிக் கடிகாரத்தோடு ஒப்பிட்டால் ரா கடிகாரமும் விலகுகிறதா? விலகினால் அளவீட்டில் பிழை. ரா சரியாக இருந்து மோனோடானிக் மட்டும் விலகினால் தங்கிப்போன என்டிபி திருத்தம், அல்லது பெருக்கியைச் சரிக்கட்டும் குறிமுறை. வேலை இல்லாதபோது மட்டும் பிந்தினால், ஆழ்ந்த தூக்க நிலையில் கவுன்ட்டர் நிற்கிறது. நான்ஸ்டாப் கொடி இல்லாத பழைய சிபியூக்களில் இது எதிர்பார்க்க வேண்டியதே. ஒருபோதும் முந்தாமல் எப்போதும் பிந்திக்கொண்டே இருந்தால், கிளாக்சோர்ஸ் ஜிஃபீஸாக இருக்கிறதா என்று பாருங்கள். இன்டரப்ட் அடைபட்ட நேரமெல்லாம் அங்கே தொலைந்த நேரம்தான்.

அளவீட்டுப் பிழைக்கு ஒரு தெரிந்த வழக்கு ஸ்கைலேக் எக்ஸ். கர்னலில் படிகம் 25 மெகாஹெர்ட்ஸ் என்று கைப்பட எழுதியிருந்தது. அதே மாடல் எண் கொண்ட வொர்க்ஸ்டேஷன்களில் இருந்ததோ 24. கவுன்ட்டர் உண்மையில் ஓடுவதைவிட வேகமாக ஓடுகிறது என்று கர்னல் நம்பியதால் நேரம் 4% பிந்தியது, நாளுக்கு ஏறத்தாழ 58 நிமிடம். சர்வர்களில் வேறு சிக்கல். மின்காந்த இடையூறு குறைப்புச் சுற்று படிகத்தின் வேகத்தையே சுமார் 0.25% குறைத்தது. மாறாத எண்ணை நம்பாமல் வன்பொருள் டைமரோடு ஒப்பிட்டு அளக்க விட்டதுதான் திருத்தம்.

உங்கள் இயந்திரத்தில் இதைச் சோதிக்க, பூட் வரியில் டிஎஸ்சி=ரீகேலிபரேட் சேருங்கள். அந்த வசதி உள்ள பதிப்புகளில், சிபியூஐடி (சிபியூ தன்னைப் பற்றித் தரும் விவரம்) சொன்ன வேகத்தை ஹெச்பெட் அல்லது பிஎம் டைமரோடு ஒப்பிட்டு, வித்தியாசம் 500 பிபிஎம்மைத் தாண்டினால் எச்சரிக்கும். ஐந்து முறை பூட் செய்து, "ரிஃபைன்ட் டிஎஸ்சி" வரியில் வரும் மெகாஹெர்ட்ஸ் எண்களையும் ஒப்பிடுங்கள். பூட்டுக்குப் பூட் நூற்றுக்கணக்கான பிபிஎம் ஆடினால், அளக்கும் நேரத்தில் ஃபர்ம்வேரின் எஸ்எம்ஐ (சிபியூவைச் சிறிது நேரம் பறித்துக்கொள்ளும் இன்டரப்ட்) குறுக்கிடுகிறது. ஆர்ம் போர்டுகளில் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயின் கிளாக் ஃப்ரீக்வென்சி வரியைப் பாருங்கள். ஃபர்ம்வேர் ரெஜிஸ்டரில் வைக்க வேண்டிய எண்ணை மறந்துவிட்டு, அதை மூட யாரோ அங்கே எழுதியிருப்பார்கள்.

அறிகுறி: "டிஎஸ்சி நிலையற்றது" என்ற செய்தி, கணினி மந்தம்

பயனர் நேரத்தைப் பற்றிப் புகார் சொல்ல மாட்டார், "திடீரென்று சர்வர் மெதுவாகிவிட்டது" என்பார். டிஎஸ்சி விலக்கப்பட்டு ஹெச்பெட்டுக்கு மாறியதும், விடிஎஸ்ஓ (கர்னலுக்குள் போகாமலே நேரம் படிக்கும் ஏற்பாடு) வழியே நானோ நொடிகளில் முடிந்த நேரம் கேட்கும் வேலை, சிஸ்டம் காலுக்கும் மெதுவான வன்பொருள் வாசிப்புக்கும் போய்விடுகிறது.

அந்தச் செய்திக்குக் கீழே வரும் இரண்டு வரிகளை யாரும் படிப்பதில்லை. விடை அங்கேதான் இருக்கிறது. வாட்ச்டாக் என்ற காவல் சோதனை டிஎஸ்சியையும், அதோடு ஒப்பிடும் காவல் கடிகாரத்தையும் (ஹெச்பெட் அல்லது பிஎம் டைமர்) அரை நொடிக்கு ஒருமுறை படிக்கிறது. முதல் வரி காவல் கடிகாரம் அளந்த இடைவெளி, இரண்டாவது டிஎஸ்சி அளந்தது. காவல் கடிகாரம் 500,000,000-ஐ ஒட்டியும் டிஎஸ்சி விலகியும் இருந்தால் டிஎஸ்சியைச் சந்தேகியுங்கள். ஆனால் உதாரணத்துக்கு டிஎஸ்சி 5,199,000,000, பிஎம் டைமர் 512,000,000 என்று வந்தால்? கழித்துப் பாருங்கள்: 4.687 நொடி. டிஎஸ்சி சொன்னதே உண்மை. வாட்ச்டாக் ஐந்து நொடி ஓடாமல் கிடந்திருக்கிறது, அதற்குள் பிஎம் டைமர் ஒரு சுற்று முடித்துவிட்டது. தேட வேண்டியது அந்த ஐந்து நொடி சிபியூவைப் பிடித்து வைத்திருந்த டிரைவரை.

காவலாளியே பழுதான வழக்கும் உண்டு. காஃபி லேக் தளங்களில் பிசி10 என்ற ஆழ்ந்த தூக்கத்தில் ஹெச்பெட் நின்றுவிட, பழி டிஎஸ்சி மேல் விழுந்தது. கர்னல் அங்கே ஹெச்பெட்டை முடக்கியது. டிஎஸ்சி=ரிலையபிள் என்று போட்டுவிட்டுப் போவது எளிது. ஆனால் அது காவலை நிறுத்துவது மட்டுமே. இந்த இரண்டு வரிகளைப் படித்து டிஎஸ்சி சரி என்று உறுதியான பிறகு மட்டும் போடுங்கள்.

அறிகுறி: சிபியூ மாறினால் நேரம் சற்றே பின்னே போகிறது

நூற்றுக்கணக்கான நானோ நொடி என்றால் மூன்று சாத்தியம். ஒன்று, ஃபர்ம்வேர் ஒவ்வொரு சிபியூவின் டிஎஸ்சி அட்ஜஸ்ட் ரெஜிஸ்டரிலும் வெவ்வேறு மதிப்பை விட்டிருக்கிறது. டிமெசேஜில் "ஃபர்ம்வேர் பக்" வரி இருக்கும். இரண்டு, டிஎஸ்சி படிக்கும் கட்டளைக்கு முன்னால் வரிசைத் தடை இல்லாததால் சிபியூ அதை முன்கூட்டியே நிறைவேற்றிவிட்டது. மூன்று, பாதி மாறிய தரவு வாசிப்பவருக்குக் கிடைக்காமல் காக்கும் சீக்லாக்கின் வெளியே ஒரு புலம் புதுப்பிக்கப்படுகிறது. வாசிப்பவருக்குப் புதிய சைக்கிள் லாஸ்ட்டும் (கடைசியாகப் படித்த கவுன்ட்டர் மதிப்பு) பழைய பெருக்கியும் சேர்ந்து கிடைக்கின்றன. மூன்றாவதை உறுதிசெய்ய, விடிஎஸ்ஓவை பூட் வரியில் அணைத்துவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். பிழை போய்விட்டால் விடிஎஸ்ஓ தரவைப் புதுப்பிக்கும் இடத்தில் தேடுங்கள்.

அறிகுறி: தூங்கி எழுந்ததும் நேரம் தப்பு

பூட்டைம் கழித்தல் மோனோடானிக் என்பது மொத்தத் தூக்க நேரம். குறித்த நேரத்தில் எழுப்பும் ஆர்டிசிவேக் கட்டளை கொண்டு 60 நொடித் தூக்கத்தை 20 முறை செய்து, இந்த வித்தியாசத்தைப் பாருங்கள். 1200-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அசையவே இல்லை என்றால் தூக்க நேரம் சேர்க்கப்படவில்லை. தூக்கத்திலும் நிற்காத கவுன்ட்டர் என்ற கொடியை, உண்மையில் நிற்கும் கவுன்ட்டருக்கு டிரைவர் போட்டிருக்கலாம். 2400 வந்தால் பெர்சிஸ்டன்ட் கிளாக் (தூக்கத்திலும் ஓடும் கடிகாரம்), ஆர்டிசி இரண்டும் தூக்க நேரத்தைத் தனித்தனியே சேர்த்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் ஒரு நொடிக்குள் ஆடினால், நொடி அளவில் மட்டுமே பேசும் ஆர்டிசியின் இயல்பு அது.

விலகல் சரியாக நேரமண்டல வித்தியாசத்துக்குச் சமம் என்றால் கர்னலைத் தொடவே வேண்டாம். ஆர்டிசியில் உள்ளூர் நேரம் இருக்கிறது, யுடிசிக்கு மாற்றுங்கள்.

அறிகுறி: நேரத்தை மாற்றியதும் சிபியூ 100%

2012 ஜூன் 30 இரவு லீப் நொடி (உலக நேரத்தில் கூடுதலாகச் சேர்க்கும் ஒரு நொடி) சேர்ந்தபோது உலகெங்கும் லினக்ஸ் சர்வர்கள் சூடேறின. ரியல்டைம் ஒரு நொடி பின்னே போனது, ஹெச்ஆர்டைமர் (கர்னலின் நுண்ணிய டைமர் பகுதி) வைத்திருந்த ஆஃப்செட் நகல் அப்படியே நின்றது. ஒரு நொடிக்கும் குறைவான டைமர்கள் எல்லாம் வைத்த கணமே முடிந்தன, நிரல்கள் மீண்டும் வைத்தன, சுழற்சி ஓயவில்லை. டேட் கட்டளையால் அதே நேரத்தையே மறுபடி வைத்ததும் சரியானது, காரணம் அந்தப் பாதை, நேரம் மாறியதை அறிவிக்கும் கிளாக் வாஸ் செட் சார்பை அழைத்தது. நீங்கள் ரியல்டைம் ஆஃப்செட்டைத் தொடும் எந்தப் பேட்ச்சிலும் இதைச் சரிபாருங்கள்: ஹெச்ஆர்டைமர் நகலும் மாறுகிறதா, அறிவிப்பு போகிறதா, டைமர் இன்டரப்ட்டுக்குள் இருந்தால் தாமதித்து அழைக்கும் வடிவம் பயன்படுகிறதா.

அறிகுறி: பூட் ஆகி 5 நிமிடத்தில் டிரைவர் டைம்அவுட்

32 பிட் கர்னலில் ஜிஃபீஸ் 0-இல் தொடங்குவதில்லை. 5 நிமிடத்தில் உருளும்படி வேண்டுமென்றே பின்னுக்கு வைக்கப்பட்டிருக்கிறது, பிழை 49.7 நாள் (நொடிக்கு 1000 டிக்) அல்லது 497 நாள் (100 டிக்) காத்திராமல் உடனே வெளிப்படட்டும் என்று. ஜிஃபீஸைப் பெரிது, சிறிது குறிகளால் நேராக ஒப்பிடும் வரியைத் தேடி டைம் ஆஃப்டர் மேக்ரோவுக்கு மாற்றுங்கள். நொடியை நூறு கோடியால் 32 பிட்டிலேயே பெருக்கும் வரிகளும் பக்கத்தில் இருக்கும். 4.29 நொடிக்கு மேல் அவை வழியும்.

பேட்ச் போட்ட பிறகு

கர்னல் மூலத்தின் செல்ஃப்டெஸ்ட்ஸ் அடைவில் டைமர்ஸ் தொகுப்பு இருக்கிறது. இன்கன்சிஸ்டன்சி செக் பின்னே போகும் நேரத்தைப் பிடிக்கும். கிளாக்சோர்ஸ் ஸ்விட்ச் அதையே கைவசமுள்ள ஒவ்வொரு கிளாக்சோர்ஸிலும் ஓட்டும். ரா ஸ்க்யூ 120 நொடி காத்திருந்து, மதிப்பிட்ட பிபிஎம்மையும் உண்மையானதையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். லீப் நொடிக்கு லீப் ஏ டே. நேரத்தை மாற்றிவிடும் சோதனைகள் உள்ளே உண்டு என்பதால் வேலையில் இருக்கும் இயந்திரத்தில் ஓட்டாதீர்கள்.

உருளும் பிழைக்கு 208 நாள் காத்திருக்க முடியாது. ஜிஃபீஸில் செய்த தந்திரத்தையே நீங்களும் செய்யுங்கள்: சோதனை பில்டில் கவுன்ட்டரைப் படிக்கும் சார்பு திருப்பித் தரும் மதிப்போடு ஒரு மாறிலியைக் கூட்டி, மாஸ்க் செய்து, பூட் ஆன 3 நிமிடத்தில் உருளும்படி வையுங்கள். முதலில் பேட்ச் இல்லாமல் ஓட்டிப் பழைய தாவல் அதே அளவில் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் நீங்கள் திருத்தியது வேறு எதையோ. வந்தால் பேட்ச்சைப் போட்டு, உருளும் கணத்தை ஒருமுறை முழு வேலைப்பளுவிலும் ஒருமுறை வேலையே இல்லாமலும் கடக்க விடுங்கள். இரண்டு ஓட்டங்களின் எண்களையும் பேட்ச் விளக்கத்தில் எழுதுங்கள், அனுப்பும் முன் அந்த மாறிலியை எடுத்துவிடுங்கள்.